சுரண்டலுக்கு இரண்டு பொருள்

சாரல் தென்காசித் தெருக்களை நனைக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் பேச்செல்லாம் அருவியைப் பற்றியதாகவே இருக்கும். பேரருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் கூட்டம் எப்படி, குளிக்கத் தடையா, தடை நீங்கிவிட்டதா என்பவையே காலை நேர விசாரிப்புகள். அப்படியொரு காலையில் என் பழைய மாணவர் ஒருவர் வேறொரு கேள்வியுடன் வீட்டுக்கு வந்தார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனடியாகப் பதில் சொல்ல இயலவில்லை. பல நாள் யோசித்த பின் கிடைத்த பதிலே இந்தக் கட்டுரை.

அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவர். புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் காய்கறிகள் போன்ற இப்பகுதி விளைபொருள்களின் அன்றாட விலை ஏற்ற இறக்கம் அவருடைய ஆய்வுப் பொருள். 12 சந்தைகள், 8 விளைபொருள்கள், 5 ஆண்டுகள் என்று அவர் வரையறுத்துக்கொண்டிருக்கிறார். விலைகள் அனைத்தும் ஓர் அரசுத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வெளிப்படையாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு நாள், ஒரு சந்தை, ஒரு பொருள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துத்தான் பார்க்க முடியும். மொத்தமாகப் பதிவிறக்கும் வசதி அங்கே இல்லை. கணக்கிட்டால், ஏறத்தாழ 1,75,000 முறை அந்தத் தளத்தின் கதவைத் தட்டியாக வேண்டும்.

கையால் செய்ய இயலாத இந்த வேலைக்கு அவர் ஒரு கணினி நிரல் எழுதினார். சில நூறு பக்கங்களை அது விரைவாக எடுத்ததும் தளம் அவருடைய இணைப்பைத் தடுத்துவிட்டது. நண்பர் ஒருவர் வழி சொன்னார்: தரவு மையங்களில் இருக்கும் பதிலி முகவரிகளை, அதாவது 'டேட்டா சென்டர் புராக்சி'களை, வாடகைக்கு எடுத்துக்கொண்டால் தடை பயனற்றுப் போகும். மாணவர் 200 முகவரிகளை எடுத்தார். பாதி வேலை முடிந்திருந்தது. அன்று மாலை சந்தையில் கமிஷன் கடைக்காரர் ஒருவர், “இன்றைக்கு முழுக்க விலைப் பக்கம் திறக்கவே இல்லை” என்று அலுத்துக்கொண்டதை அவர் கேட்க நேர்ந்தது. தளம் முடங்கியதற்குத் தன்னுடைய நிரல்தான் காரணமா, வேறு பழுதா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு நிரலை நிறுத்திவிட்டார். “சார், நான் செய்தது தவறா? எல்லாமே பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கும் விவரங்கள்தானே?” என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தத் தொழில்நுட்பத்தை முதலில் எளிமையாகப் புரிந்துகொள்வோம். இணையத்தில் நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது நம் இணைப்பின் எண் முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியும். கடிதத்தின் பின்புறம் எழுதப்படும் அனுப்புநர் முகவரியைப் போன்றது அது. ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு நொடி கோரிக்கைகள் குவிந்தால் தளம் அதைத் தடுத்து நிறுத்தும். பதிலி முகவரி என்பது இடையில் நிற்கும் மற்றொரு கணினி. நம் கோரிக்கையை அது தன் முகவரியிலிருந்து அனுப்பி, விடையை வாங்கி நமக்குத் தரும். தளத்துக்கு நாம் தெரியமாட்டோம். அந்த இடைக்கணினி மட்டுமே தெரியும்.

இத்தகைய இடைக்கணினிகளில் மலிவானவை, விரைவானவை தரவு மையங்களில் இருப்பவை. பழைய முறையிலான இணைய முகவரிகள் உலகெங்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடிதான். அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பெற்றிருக்கும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. ஒரு முகவரியின் மாத வாடகை, நம்மூரில் ஒருவருடைய சில நாள் தேநீர்ச் செலவுக்குள் அடங்கிவிடும். 200 முகவரிகளை வைத்திருப்பவர் தளத்தின் கண்ணுக்கு 200 வெவ்வேறு பார்வையாளர்கள். இப்படி நிரலின் வழியே இணையப் பக்கங்களிலிருந்து தரவுகளை மொத்தமாக எடுப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்கிரேப்பிங்' என்கிறார்கள். தமிழில் நேராகச் சொன்னால் சுரண்டுதல்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டிய ஆடையைக் குழந்தைகள் சுரண்டித் தின்கிறார்கள், யாருக்கும் நட்டமில்லை. கூலியைக் குறைத்து உழைப்பைச் சுரண்டுவதும் சுரண்டல்தான். அதில் ஒருவர் எடுப்பது மற்றவர் இழப்பது. மாணவரின் கேள்வியை நான் இப்படி மாற்றிக்கொண்டேன்: இணையத்தில் நடக்கும் சுரண்டல் எப்போது முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு மாறுகிறது?

முதல் பொருளுக்கு நல்ல சான்று எங்கள் பொருளியல் துறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆல்பெர்ட்டோ கவாலோ, ராபர்ட்டோ ரிகோபோன் ஆகிய இருவரும் 2008-இல் தொடங்கிய 'பில்லியன் பிரைசஸ்' என்ற ஆய்வுத் திட்டம், பல நாடுகளின் வணிக இணையதளங்களில் இருந்த விலைகளை நாள்தோறும் நிரல் வழியாகத் திரட்டியது. அதில் ஆர்ஜென்டீனாவைப் பற்றிக் கிடைத்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. 2007-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்நாட்டு அரசு, பணவீக்கம் சராசரியாக ஆண்டுக்கு 8 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைகளின் இணையதள விலைகள் சுமார் 20 சதவீதத்தைக் காட்டின. அரசின் புள்ளிவிவரம் மக்களுக்கு மறைத்ததை, மக்கள் பார்க்கும் விலைப் பட்டியலே வெளியே கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய நுகர்வோர் விலைக் குறியீட்டில் இணையவழி விற்பனை விலைகள் இடம்பெறுகின்றன. ஆகவே, தரவைத் திரட்டுவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால், அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்கும் ஒரு கருவியை நாமே பறிகொடுத்தவர்களாவோம்.

இரண்டாம் பொருளுக்குச் சான்று தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தென்காசி ரயில் நிலையம் போதும். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குச் செல்லும் பொதிகை, சிலம்பு ரயில்கள் எங்கள் பகுதிக்கு உயிர்நாடி. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்ப, முதியவர்கள் சிகிச்சைக்குச் சென்னை செல்ல, கடைசி நேரத்தில் நம்பியிருப்பது தத்கால் முன்பதிவை. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. அந்த முதல் சில நிமிடங்களில் யார் போட்டியிடுகிறார்கள் என்பதை 2025 ஜூன் மாதம் ரயில்வே அமைச்சகமே வெளியிட்டது. தத்கால் தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை தானியங்கி மென்பொருள்களுடையவை. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியதாகவும் அமைச்சகம் தெரிவித்தது.

தத்கால் மென்பொருள் செய்யும் வேலை வேறு, தரவு திரட்டும் நிரல் செய்யும் வேலை வேறு என்பதை நான் அறிவேன். முன்னது பயணச்சீட்டைப் பிடிக்கிறது. பின்னது விவரத்தைப் பிரதி எடுக்கிறது. பயணச்சீட்டு ஒருவருக்குப் போனால் மற்றவருக்கு இல்லை. விலை விவரம் எத்தனை பேர் எடுத்தாலும் குறையாது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை உத்தி ஒன்றே. ஒருவர் பலராக வேடமிடுவது. வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை என்ற பொது விதியை, ஒருவரே 200 பேராக நின்று முறியடிப்பது.

விவரம் குறையாது என்பது உண்மை. ஆனால் அந்த விவரத்தை வழங்கும் கணினியின் ஆற்றல் குறையும். குற்றாலத்தில் பருவ காலத்தில் இதை நேரில் காணலாம். அருவி நீருக்குக் கட்டணமில்லை. ஓடிவரும் நீர் நாம் குளிப்பதால் தீர்ந்துபோவதும் இல்லை. ஆனால் அருவியின் அடியில் நிற்கும் இடம் அளவானது. கூட்டம் மிகும் நாட்களில் காவலர்கள் வரிசை ஏற்படுத்துவது அந்த இடத்தைப் பங்கிடத்தான். தண்ணீர் இலவசம் என்பதால் ஒரு குழு அங்கேயே நாள் முழுக்க நிற்கலாம் என்று யாரும் வாதாடுவதில்லை.

பொருளியலில் இதைப் பொதுவளச் சிக்கல் என்பார்கள். கேரட் ஹார்டின் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவளம் அனைவராலும் அளவின்றிப் பயன்படுத்தப்பட்டு அழிந்துபோகும் என்று எச்சரித்தது. 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அதற்கு விடை கண்டார். தனியாருக்கு விற்காமலும் அரசு கையகப்படுத்தாமலும், பயன்படுத்துவோர் தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டு பொதுவளத்தைக் காத்துவரும் சமூகங்கள் உலகெங்கும் இருப்பதை அவர் ஆய்வுகள் காட்டின. நம் குளத்துப் பாசனத்தில் மடை திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கமும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அத்தகைய விதிகள் நிலைக்க வேண்டுமானால், நீர் எடுப்பவர் யார் என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். முறை வைத்துப் பாயும் வாய்க்காலில் ஒருவர் இருபது பெயர்களில் இருபது முறை கேட்டால் அந்த ஏற்பாடு ஒரு பருவம்கூடத் தாங்காது.

இணையத்திலும் இதற்கு ஒரு மரபு இருந்தது. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்மொழிந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு தளமும் 'ரோபோட்ஸ்' என்ற சிறு கோப்பில், தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று எழுதி வைக்கும். 2022-இல்தான் அது முறையான இணையத் தரமாக வெளியிடப்பட்டது. பூட்டு எதுவும் இல்லை. வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை மட்டுமே. நிரல் எழுதுவோர் அதைப் படித்து மதித்து நடந்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த நாகரிகம் பெருமளவு காப்பாற்றப்பட்டது.

செயற்கை நுண்ணறிவுப் போட்டி வந்ததும் அந்த நாகரிகம் ஆட்டம் கண்டுவிட்டது. மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி தர உலகின் எழுத்தெல்லாம் தேவைப்படுகிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்ன கணக்கு இது: படங்கள், காணொலிகளைப் பதிவிறக்குவதற்கான அலைக்கற்றைப் பயன்பாடு 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் உயர்ந்தது, அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் மனிதர்களுடையதன்று, நிரல்களுடையது. விக்கிப்பீடியா தன் கட்டுரைகளின் எழுத்துப் பகுதி முழுவதையும் மொத்தக் கோப்பாக இலவசமாகவே தருகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முன்வாசலில் மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு சன்னலாகத் தட்டி எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செலவை ஏற்பது நன்கொடை தரும் பொதுமக்கள்.

இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஆலைக் கழிவை ஆற்றில் விடும் முதலாளியின் கணக்கேட்டில் ஆறு ஒரு செலவாகப் பதிவாவதில்லை. அதுபோல முகவரி வாடகை மட்டுமே தரவு எடுப்பவருடைய செலவு. எதிர்முனைக் கணினியின் சுமை, மின்சாரம், அதைப் பராமரிக்கும் ஊழியரின் இரவுத் தூக்கம் ஆகியவை மற்றவருடைய செலவு. பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கும். தன்னார்வலர்களின் உழைப்பில் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் போன்ற தமிழ்ச் சேகரங்களின் வகையைச் சேர்ந்த தளங்களுக்கு அத்தகைய வசதி ஏது?

தடுப்பவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்கு உரியது என்பது பொதுப் பதிவேடுகளில் இருக்கிறது. தரவு மையத்தில் எந்த மனிதரும் குடியிருப்பதில்லை. ஆகவே அங்கிருந்து வரும் கோரிக்கையைத் தளங்கள் எளிதில் அடையாளம் கண்டு, தொகுதி முழுவதையும் தடுத்துவிடுகின்றன. உடனே அடுத்த கட்டம் தொடங்குகிறது. வீட்டு இணைப்புகளின் முகவரிகளை வாடகைக்கு விடும் சந்தை உருவாகிறது. இலவசச் செயலி ஒன்றை நம் கைபேசியில் நிறுவும்போது, நாம் படிக்காமல் ஒப்புதல் தரும் நிபந்தனைகளுக்குள், நம் இணைப்பை முகம் தெரியாத ஒருவர் பதிலியாகப் பயன்படுத்தும் அனுமதியும் சில சமயம் ஒளிந்திருக்கும். அவர் செய்யும் காரியத்துக்கு நம் வீட்டு முகவரி சாட்சியாகிவிடும்.

இந்தத் துரத்தலில் இறுதியில் அகப்படுபவர் நேர்மையான சாதாரணப் பயனர்தான். நம் நாட்டில் கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். ஒருவர் செய்த தவறுக்காக அந்த முகவரியைத் தடுத்தால் மற்ற அனைவரும் சேர்ந்தே தடுக்கப்படுகிறார்கள். 'நான் இயந்திரம் அல்ல' என்று நிரூபிக்க, பேருந்தும் போக்குவரத்து விளக்கும் உள்ள கட்டங்களைத் தேடித் தொட வேண்டியிருக்கிறது. தத்கால் விவகாரத்தில் என்ன நடந்தது? 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் இணையத்தில் தத்கால் பதிவு செய்ய முடியாது. ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் கடவு எண்ணும் தேவை. முதல் அரை மணி நேரம் அங்கீகரிக்கப்பட்ட முகவர்களுக்கும் அனுமதியில்லை. இந்த நடவடிக்கைகள் தேவையானவையே. ஆனால் அவற்றின் பொருள் என்ன? முகமூடி அணிந்தவர்கள் சிலர். முகத்தையும் அடையாள எண்ணையும் காட்ட வேண்டியவர்கள் எல்லோரும். கைபேசி எண்ணை மாற்றிவிட்டு ஆதாரில் புதுப்பிக்காத முதியவர் ஒருவர், தன் மீது எந்தத் தவறும் இல்லாமல், அந்த வரிசையிலிருந்து வெளியேற்றப்படுகிறார்.

என் மாணவரின் கேள்விக்கு நான் கண்ட மையமான விடை இதுதான். தரவு மையப் பதிலி முகவரிகளின் உண்மையான கேடு, அவை விவரங்களைப் பிரதி எடுக்க உதவுகின்றன என்பதன்று. பெயர் கேட்காமல் எல்லோரையும் உள்ளே விட்ட ஒரு பொதுவெளியை, ஒவ்வொருவரிடமும் அடையாளம் கேட்கும் இடமாக அவை மாற்றிவிடுகின்றன. திறந்த இணையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவடைத்துக்கொள்வதை நாம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூலை முதல், இணையதளங்களுக்குப் பாதுகாப்பு வழங்கும் பெருநிறுவனமான கிளவுட்ஃபிளேர், தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் செயற்கை நுண்ணறிவு நிரல்களை அனுமதியின்றி நுழையவிடுவதில்லை என்று அறிவித்திருப்பது அதன் ஓர் அடையாளம்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 43-ஆவது பிரிவில், உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவைப் பதிவிறக்குவதையும் பிரதி எடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சொல்லுக்குச் சொல் படித்தால் ஆய்வு மாணவரும் அதில் அகப்படுவார், தரவு வணிகரும் அகப்படுவார். பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே வைத்த பக்கத்துக்கு 'அனுமதி' என்பது என்ன என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை.

அமெரிக்காவிலும் தெளிவு எளிதில் கிடைக்கவில்லை. லிங்க்ட்இன் தளத்தில் வெளிப்படையாக இருந்த விவரங்களைத் திரட்டிய ஹைக்யூ என்ற சிறு நிறுவனத்தின் வழக்கில், பொதுவில் வைக்கப்பட்ட விவரத்தை எடுப்பது கணினிக் குற்றச் சட்டத்தை மீறியதாகாது என்ற நிலைப்பாட்டையே 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம், தளத்தின் பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியதற்காக 5 லட்சம் டாலர் தர வேண்டிய தீர்ப்புடன் வழக்கு முடிந்தது. எடுத்தது குற்றமாகவில்லை, எடுத்த விதம் குற்றமாயிற்று.

நம் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு ஒன்று இதைவிடத் தெளிவான திசையைக் காட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வந்த வழக்கு அது. நூற்றுக்கணக்கான போலிப் பயனர் கணக்குகளை உருவாக்கி ரயில் பயணச்சீட்டுகளை விற்றதாக ஒருவர் மீது குற்றச்சாட்டு. இணையவழிச் சீட்டு என்பதே இல்லாத 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவு இதற்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. கருவி புதிது என்பதால், பொதுச் சேவையை முறைகேடாக ஒருவர் கைப்பற்றுவது புதிய செயலாகிவிடாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

இந்தப் பின்னணியில் செய்ய வேண்டியவை என நான் கருதுபவை நான்கு.

முதலாவது, அரசுக்கு உரியது. பொதுமக்களின் வரிப்பணத்தில் திரட்டிய எந்தப் புள்ளிவிவரமும் மொத்தமாகப் பதிவிறக்கும் கோப்பாகக் கிடைக்க வேண்டும். தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012-லேயே வகுக்கப்பட்டு, அதற்கான திறந்த தரவுத் தளமும் அந்த ஆண்டே தொடங்கப்பட்டது. இருந்தும் பல துறைகளின் தளங்கள் இன்றும் ஒவ்வொரு விவரமாகக் கிள்ளித் தருகின்றன. ஒரே கோப்பில் கொடுத்திருந்தால் என் மாணவர் ஒரு முறை கதவைத் தட்டியிருப்பார். 1,75,000 முறை தட்டும் நிலையை உருவாக்கியது அந்தத் தளத்தின் வடிவமைப்பு. விக்கிப்பீடியாவின் அனுபவம் காட்டுவதுபோல் இது மட்டுமே முழுத் தீர்வாகாது. ஆனால் நேர்மையானவர்கள் முகமூடி தேட வேண்டிய தேவையை இது நீக்கும்.

இரண்டாவது, சட்டமியற்றுவோருக்கு உரியது. தரவை எடுப்பதையும், அடையாளத்தை மறைத்துப் பிறர் கணினியை முடக்குவதையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும். தன் பெயரையும் தொடர்பு முகவரியையும் தெரிவித்து, அறிவிப்புப் பலகையை மதித்து, மெதுவாகத் திரட்டும் ஆய்வாளருக்கும் செய்தியாளருக்கும் வெளிப்படையான பாதுகாப்பு வேண்டும். பலராக வேடமிட்டு அளவின்றி எடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கூடாது.

மூன்றாவது, வணிக நோக்கில் எடுப்பவர் விலை தர வேண்டும். செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ., தன் செய்திகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, இந்தக் கேள்வியை நம் நாட்டு நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை, பயிற்சிக்கு உள்ளடக்கத்தைப் பயன்படுத்தக் கட்டாய உரிமம் வழங்கி, அதற்கு ஈடாக உரிமைத்தொகை வசூலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் நுணுக்கங்களில் கருத்து வேறுபாடு இருக்கலாம். புறவிளைவுக்கு விலை வைக்க வேண்டும் என்ற கொள்கை பொருளியலுக்குப் புதிதன்று. நூறாண்டுக்கு முன்பே ஆர்தர் பிகூ சொன்னதுதான்.

நான்காவது, தனிமனித விவரங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த விவரங்களுக்குத் தன் பாதுகாப்பை அளிக்கவில்லை. மகளின் திருமணப் படத்தைச் சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கப் பகிர்ந்தவர், அது கோடிக்கணக்கான படங்களுடன் ஒரு முக அடையாளக் கிடங்கில் சேர்வதற்கு ஒப்புதல் தந்தாரா? தனித்தனியாகப் பார்ப்பதும் மொத்தமாக வாரிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை இந்தச் சட்டமும் ஏற்க வேண்டும்.

இந்த நான்கும் மற்றவர்கள் செய்ய வேண்டியவை. என் மாணவர் செய்ய வேண்டியது என்ன?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் அலுவலகத்தின் விலைப் பதிவேடுகளை வாரக்கணக்கில் கையால் பிரதி எடுத்தேன். எழுத்தர் ஒருவர் தன் மேசையருகே எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். வேறு யாராவது பதிவேட்டைக் கேட்டால் நான் எழுந்து வழிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மூடிக் கொடுத்துவிட வேண்டும். அந்த விதிகளை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. என் முகம் அவருக்குத் தெரியும், அவர் வேலை எனக்குத் தெரியும் என்பதே போதுமானதாக இருந்தது. பதிலி முகவரி துடைத்தெறிவது இந்த அறிமுகத்தைத்தான்.

மாணவருடன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 200 முகவரிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு கோரிக்கை என்றால் முழுத் தரவையும் கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அந்தக் கால் மணி நேரமும் தளம் நொடிக்கு 200 கோரிக்கைகளைத் தாங்க வேண்டும். ஒரே முகவரியிலிருந்து ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் பத்து நாள் ஆகும். தளம் அதை உணரக்கூடச் செய்யாது. கிடைக்கும் தரவு இரண்டிலும் ஒன்றே. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவருக்கு இருந்த அவகாசமோ சில வாரங்கள்.

“முகவரிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. துறைக்கு உங்கள் பெயர் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள்” என்றேன். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், கேட்ட வடிவிலேயே தகவலைத் தருவதை இயல்பான கடமையாகச் சொல்கிறது. முப்பது நாள் கெடுவும் வைத்திருக்கிறது. அவர் மனுவை அனுப்பிவிட்டார். பல்கலைக்கழகத்தில் கூடுதல் அவகாசமும் கேட்டிருக்கிறார். கிடைக்குமா என்பது தெரியாது.

“மற்றவர்கள் எல்லோரும் அப்படித்தானே எடுக்கிறார்கள், சார்? நான் மட்டும் காத்திருந்து என்ன ஆகப்போகிறது?” என்று வாசலில் நின்று கேட்டார். நியாயமான கேள்வி. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வந்த பிறகு எங்கள் பகுதிக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் நிரல் எழுதக் கற்றிருக்கிறார்கள். நாளை இந்த நாட்டின் தரவுகளைக் கையாளப்போகிறவர்கள் அவர்கள். எப்படி எடுப்பது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வளவு எடுப்பது, யாருக்கு வழிவிடுவது என்பதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களுக்கு உண்டு.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அந்தக் கமிஷன் கடைக்காரர் அன்று விலையைப் பார்க்க முடியாமல் போனதற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் ஆய்வு அவருக்காகவும் அவரிடம் எலுமிச்சை கொண்டுவரும் விவசாயிக்காகவும்தான். அவர்கள் பார்க்க வேண்டிய பக்கத்தை மறைத்துக்கொண்டு அந்த ஆய்வைச் செய்ய வேண்டாம்.